இந்த வருஷத்துல இருந்து

— அது பதில் இல்லக்கா, பிரசங்கம். மறுபடியும் கேக்கறேன். உங்க காலேஜுக்கு இந்தப் பிள்ளைங்க எதுக்கு?

— எதுக்குன்னா? அவங்களும் படிக்கணும்ல?

— படிக்கட்டும். ஊர்ல வேற காலேஜே இல்லையா? கட்டட டிசைன் சொல்லிக்குடுக்கற உங்க காலேஜுக்கு, வீட்ல யாருமே காலேஜ் வாசலை மிதிக்காத பிள்ளைங்க வந்து ஆகவேண்டியது என்ன? அதைச் சொல்லு. நான் இப்ப உன் தம்பி இல்ல. இதனால சீட் கிடைக்காமப் போகப்போற ஒரு பையனோட அப்பா வைக்கப்போற வக்கீல்.

— அந்தாளோட வக்கீல் இப்படிக் கால் ஆட்டிக்கிட்டா உக்காந்திருப்பான்?

— இதைவிட மோசமா உக்காந்திருப்பான். கேள்விக்கு வா.

— நியாயம்னு ஒண்ணு இருக்குல்லடா.

— அதை வீட்ல வச்சிட்டு வா. நாளைக்கு நிர்வாகக் குழு உன்னைக் கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான். கேஸ் வந்தா இது நிக்குமா? நிக்காதுன்னு பட்டா, அட்மிஷன் ஆபீசரா நீ இத்தனை வருஷம் மல்லுக்கட்டிக் கொண்டுவந்த திட்டம் குப்பைக் கூடைக்குப் போகும். நீதானே ஃபோன்ல புலம்பின?

— புலம்பல. தகவல் சொன்னேன். சரி, கேளு. போன வருஷம் பிள்ளைங்களை ஒரு அடுக்குமாடி வரையச் சொன்னோம். ஒரே ரூம் வீடுங்க, கூலிவேலை பாக்கறவங்களுக்கு. எல்லாரும் பிரமாதமா வரைஞ்சாங்க. சூரிய வெளிச்சம், காத்து, மொட்டைமாடில தோட்டம். ஒருத்தி மட்டும் எழுந்து, 'மழைக்காலத்துல துணிய எங்க காயப்போடுவாங்க?'ன்னு கேட்டா. ஒரு படத்துலயும் அதுக்கு இடம் இல்ல. அவ மட்டும்தான் அப்படி ஒரு வீட்லேர்ந்து வந்தவ.

— கண்ணுல தண்ணி வருது. கொடி கட்ட இடம் விட்டதுக்கு ஒரு சீட்டா மேடம்? ஒரு துணிக்கொடிய வச்சு பாலிசி போட முடியாது. வேற என்ன இருக்கு?

— நக்கலைக் குறை. கணக்கு வாத்தியார் பாத்திருக்கார்.

— யாரு, அந்தப் புள்ளிவிவரக்காரரா? எதைக் கேட்டாலும் 'ஏறக்குறைய'ன்னு ஆரம்பிப்பாரே?

— அவரேதான். பல வருஷ மாணவர் குழுக்களை எடுத்தார். ஒரே மாதிரி பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தவங்க மட்டும் இருந்த குழு ஒரு பக்கம். கலந்து இருந்த குழு ஒரு பக்கம். படங்களை வெளியாளுங்ககிட்ட குடுத்தார். பேர் தெரியாது, யாரு எந்தக் குழுன்னு தெரியாது. அவங்க மார்க் போட்டாங்க. கலந்த குழு மேல வந்துது. திரும்பத் திரும்ப.

— ஏறக்குறைய?

— ஏறக்குறைய.

— ம். இது பதில். இதை முதல்ல சொல்லு, துணிக்கொடிய அப்புறம் சொல்லு. அடுத்தது. இந்தப் பிள்ளைங்களுக்குன்னு இத்தனை சீட்டுன்னு ஒதுக்கி வச்சிருக்கீங்களா?

— இல்ல. ஒரு சீட்கூட இல்ல. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ரெண்டு பேர் முழுசா படிப்பாங்க. வீட்ல இதான் முதல் காலேஜ் படிப்பா, படிச்சுக்கிட்டே வேலை பாத்தாங்களா, பள்ளிக்கூடத்துல ஒரு லேபாவது இருந்துதா, இதையெல்லாம் மார்க்கோட சேத்துப் பாப்பாங்க. அதுக்குச் 'சூழல் மார்க்'னு பேர். இதெல்லாம் இருந்தும் சீட் கிடைக்காதவங்க இருப்பாங்க. இது எதுவும் இல்லாம சீட் வாங்கறவங்களும் இருப்பாங்க.

— பலே. எப்ப நிறுத்துவீங்க? இல்ல, காலாகாலத்துக்கும் ஓட்டப்போறீங்களா?

— மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வெளியாளுங்க வந்து பாப்பாங்க. பிரயோஜனம் இல்லைன்னா நிறுத்திடுவோம். எழுதியே வச்சிருக்கோம்.

— அடேங்கப்பா. அக்கா தேறிட்டா. தண்ணி குடி.

— கூலர் ரிப்பேர். கீழ போய்த்தான் பிடிச்சிட்டு வரணும். நீ கேளு.

— இனிமேதான் கஷ்டமான கேள்வி. சூழல் மார்க் போடாம, வேற வழில இந்தப் பிள்ளைங்களைக் கொண்டுவர முடியுமான்னு பாத்தீங்களா? எவன் வக்கீலா இருந்தாலும் இங்கதான் கைய வைப்பான்.

— பாத்தோமே. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய்ப் பேசினோம். சனிக்கிழமை இலவச ட்ராயிங் க்ளாஸ் நடத்தினோம். விண்ணப்பக் கட்டணத்தை எடுத்தோம். கொஞ்சம் கூடிச்சு, அவ்வளவுதான்.

— வேற?

— வேற என்ன?

— அக்கா.

— என்னடா?

— குடும்ப மார்க்.

— இரு, ஃபோன் அடிக்குது. உன் மருமகதான்.

— என் மேதையா? ஸ்பீக்கர்ல போடு.

— சொல்லுடி.

— ம்மா, பேப்பர் வெட்டற கட்டர் எங்க? வீடு பூரா தேடியாச்சு.

— ஃப்ரிட்ஜ் மேல. எதுக்கு இப்ப?

— இவ வந்திருக்கா. ரெண்டு பேரும் ஒரு மாடல் பண்றோம். சும்மா, ஜாலிக்கு.

— யாரு, தையல்காரம்மா பொண்ணா? சாப்ட்டாளா அவ?

— ரெண்டு பேரும் சாப்ட்டாச்சு. பாத்திரம்கூட அவளே கழுவிட்டா, என்னை வில்லியாக்கறா.

— நீயும் ஒரு நாள் கழுவிப் பாரு, சாக மாட்ட.

— மாமா! நீங்களும் அங்கதான் இருக்கீங்களா? அம்மாவ அழவெச்சீங்களா?

— முயற்சி பண்ணிட்டுதான் இருக்கேன், அசைய மாட்டேங்கறா.

— ஏய், மத்த காலேஜுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டாச்சுல்ல? நேத்தோட எல்லாத்துக்கும் கடைசி நாள்.

— ஐயோ ம்மா, எத்தனை தடவை கேப்ப! அது முடிஞ்ச கதை. ஃப்ரிட்ஜ் மேலயா சொன்ன? ஆங், கிடைச்சிருச்சு. வைக்கறேன்.

— வச்சிட்டா. ஒரு 'பை' கிடையாது.

— உன்னை மாதிரிதான். வா, குடும்ப மார்க்குக்கு.

— அது வேற விஷயம்டா.

— எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதான் ஒரே விஷயம். இந்தக் காலேஜ்ல படிச்சவங்க, வேலை பாக்கறவங்க, அவங்க பிள்ளைங்க, தம்பி தங்கச்சி, யார் விண்ணப்பிச்சாலும் கூடுதல் மார்க். எந்தக் காலத்துலேர்ந்து இருக்கு இது?

— காலேஜ் கட்டின காலத்துலேர்ந்து.

— அதுல வந்தவன்தான் உன் எதிர்ல உக்காந்திருக்கேன். நீ இங்க படிச்சேங்கற ஒரே காரணத்துக்கு என்னை உள்ள விட்டாங்க. ஒரு வருஷம் கோடு கோணலா வரைஞ்சிட்டு, நமக்கு இது ஆகாதுன்னு சட்டம் படிக்க ஓடிட்டேன். என் சீட்டுல நேரா கோடு போடத் தெரிஞ்ச எவனோ ஒருத்தன் உக்காந்திருக்கலாம்.

— உன்னை யாரு ஓடச் சொன்னா?

— பேச்ச மாத்தாத. கணக்கு வாத்தியாரைக் கேட்டியா, குடும்ப மார்க்க எடுத்தா என்ன ஆகும்னு?

— கேட்டேன்.

— என்ன சொன்னார்?

— பாதி தூரம் அதுலயே போயிடலாமாம். சூழல் மார்க்கே இல்லாம. ரெண்டையும் சேத்துச் செஞ்சா, நாங்க நினைச்ச இடத்துக்கு வந்துடுமாம்.

— ஏறக்குறைய?

— இந்தத் தடவை அவர் அந்த வார்த்தையச் சொல்லல.

— அக்கா, அப்ப இதை ஏன் நீ முதல்லயே சொல்லல? இது இல்லாம நாளைக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? 'ஒரு பக்கம் உங்க ஆளுங்களுக்குக் கதவைத் திறந்து வச்சிட்டு, அதனால உண்டான கோணலை நிமித்த இன்னொருத்தன் சீட்டை எடுக்கறீங்களா?' ஒரே கேள்வி. மொத்தக் கட்டடமும் விழுந்துடும்.

— எனக்குத் தெரியாதா? எழுதியிருக்கேன். கடைசில இருக்கு பாரு. குடும்ப மார்க்க நிறுத்தறோம்.

— எங்க... ஆமா. 'அடுத்த ஆண்டு முதல்.'

— அடுத்த ஆண்டு முதல்.

— ஏன் அடுத்த ஆண்டு?

— இந்த வருஷம் எல்லாரும் விண்ணப்பிச்சாச்சு. குடும்ப மார்க் இருக்குன்னு நம்பித்தான் போட்டிருக்காங்க. பந்தயம் ஓடிக்கிட்டிருக்கும்போது கோட்டை நகத்தலாமா? நீதானே சொல்லுவ, முன்கூட்டிச் சொல்லாம விதிய மாத்தக்கூடாதுன்னு?

— சொல்லுவேன். நல்ல வாதம். நானே இவ்வளவு அழகா சொல்லியிருக்க மாட்டேன். சூழல் மார்க் எப்பலேர்ந்து?

— இந்த வருஷத்துல இருந்து.

— அது மட்டும் பந்தயம் ஓடும்போது நகரலாமா?

— ஃபேன் சத்தம். என்ன கேட்ட?

— கேட்டது உனக்குக் கேட்டுது. ரெண்டும் ஒரே மாதிரி மாத்தம். ஒண்ணு இப்ப, ஒண்ணு அப்புறம்னா, ஏன்னு கேப்பான். ஒண்ணு ரெண்டையும் அடுத்த வருஷம் வை. இல்ல, ரெண்டையும் இந்த வருஷமே கொண்டுவா.

— ரெண்டும் அடுத்த வருஷம்னா, இப்ப விண்ணப்பிச்சிருக்கற பிள்ளைங்க கதி? நாங்க வீடு வீடா போய்க் கூப்பிட்டு வந்தவங்கடா அவங்க. தையல்காரம்மா பொண்ணும் அதுல ஒருத்தி. அப்பா ஒரு லாரி ஷெட்ல காவல் இருக்கார்.

— அப்ப ரெண்டும் இந்த வருஷம்.

— தம்பி.

— ம்.

— என்கிட்ட ஏதோ கேக்கணும்னு துடிக்கற. கேட்டுத் தொலை.

— நான் கேக்க வேணாம்னுதான் பாத்தேன். அவன் கேப்பான். 'மேடம், இந்த வருஷம் குடும்ப மார்க்குல வர்றவங்கள்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?'

— என் பொண்ணு இருக்கா.

— அவ்வளவுதான். கேள்வி முடிஞ்சுது. அவன் உக்காந்துடுவான்.

— அவ விண்ணப்பத்தை நான் தொடல. துணை ஆபீசர்தான் பாக்கறாங்க. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். கோர்ட்டுல காட்டு.

— காட்டலாம். அதெல்லாம் சரியா செஞ்சிருக்க. விண்ணப்பத்தைத் தொடாம விதியத் தொட்டிருக்கியே, அதைத்தான் எப்படிக் காட்டறதுன்னு தெரியல.

— வலிக்கற மாதிரி பேச உனக்கு யாருடா சொல்லிக்குடுத்தா?

— தேறுவாளா அக்கா, குடும்ப மார்க் இல்லாம?

— மாட்டா. பள்ளிக்கூட மார்க் எனக்குத் தெரியாதா? போன வருஷக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ. அது சேந்தா மேல. கை நல்லா இருக்குடா அவளுக்கு. பென்சில் பிடிச்சா வீடே எழுந்து நிக்கும். பரீட்சைன்னு உக்காந்தா மட்டும் எங்கேயோ பாத்துக்கிட்டிருப்பா.

— அதுவும் நம்ம வம்சம்.

— சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு இந்த இடம்தான். ஸ்கூல் விட்டா நேரா இங்க வருவா. அதோ, அந்த அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல பாய் போட்டுப் படுத்துக்கிட்டு, பசங்க வேண்டாம்னு போட்ட மாடலையெல்லாம் எடுத்து ஊரு கட்டுவா. 'நான் பெரிசானதும் எந்த ரூம்ல படிப்பேன்?'னு கேப்பா. ரெண்டாவது மாடி, ஜன்னல் ஓரம்னு நான்தான் சொல்லுவேன்.

— தெரியும். எனக்கும் அந்த ஊர்ல ஒரு வீடு குடுத்திருந்தா. ஜெயில் பக்கத்துல. வக்கீலுக்கு நடக்கற தூரம்தானேன்னா.

— ஒண்ணு கேக்கறேன். உண்மையச் சொல்லு. மாமாவா சொல்லு.

— மாமாவா சொன்னா, அடுத்த வருஷம்.

— வக்கீலா?

— இந்த வருஷம்.

— ரெண்டு பேர்ல யாரு பேச்சக் கேக்கறது?

— மாமாவுக்கு நீ டீகூட குடுக்கல. வக்கீலைத்தான் கூப்பிட்டுவிட்ட.

— சிரிப்பு வரல.

— எனக்கும் வரல. தூக்கி வளத்த பொண்ணுக்கா. நான் ஒண்ணும் ஜாலியா சொல்லல. வேற ஏதாவது வழி இருந்தா சொல்லமாட்டேனா?

— இன்னொண்ணும் கணக்கு வாத்தியார் பாத்து வச்சிருக்கார். கேக்காமயே பாத்தார் மனுஷன்.

— என்ன?

— இங்க சீட் கிடைக்காம போறவங்க அப்புறம் என்ன ஆகறாங்கன்னு. குடும்ப மார்க் இருந்தும் கிடைக்காதவங்க இருந்தாங்க இல்ல, எல்லாரும் அதே வருஷம் வேற காலேஜ்ல சேந்துட்டாங்க. அவங்க வீட்ல தெரியும், நாலு இடத்துல போட்டு வைக்கணும்னு. இந்த முதல் தலைமுறைப் பிள்ளைங்க ஒரே இடத்துலதான் போடறாங்க. அது இல்லைன்னா, நெறைய பேர் அத்தோட நின்னுடறாங்க. கடைல போய் நிக்கறாங்க. கல்யாணம் பண்ணி அனுப்பிடறாங்க.

— இதை எழுதிக்கோ. இதுதான்க்கா உன் கேஸே. ஒருத்தனுக்கு நீ ஒரு கதவைச் சாத்தினா அவனுக்கு மூணு கதவு இருக்கு. இன்னொருத்தனுக்கு நீதான் ஒரே கதவு. இதுக்கு மேல எந்த ஜட்ஜும் கேள்வி கேக்க மாட்டார்.

— என் பொண்ணுக்கும் மூணு இருக்கு.

— போட்டிருக்கா இல்ல?

— போன மாசமே உக்காரவெச்சுச் சொன்னேன். அணைக்கட்டுப் பக்கம் இருக்கற காலேஜ், ரயில் காலனி காலேஜ், அந்தப் புதுசா வந்தது. அதெல்லாம் ஒண்ணும் மட்டமில்ல. அணைக்கட்டுல ஒர்க்‌ஷாப் நம்மளவிடப் பெரிசு. அவ மார்க்குக்குத் தாராளமா கிடைக்கும்.

— ஹாஸ்டல்ல போட்டுடலாம். வாரா வாரம் நான் போய்ப் பாத்துக்கறேன்.

— நீ? என் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவன்.

— முகூர்த்தத்துக்கு வந்தேன்ல?

— கோவப்படுவா. ஒரு மாசம் பேச மாட்டா. அப்புறம் அங்க ஒரு கூட்டாளியப் பிடிச்சுப்பா, என்னை மறந்துடுவா. இல்ல?

— மறந்துடுவா.

— சரி. அந்த வரிய மாத்தறேன். 'இந்த ஆண்டு முதல்.' ரெண்டுக்கும்.

— கொஞ்சம் இரு. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பேன்.

— சொன்னா அனுப்ப மாட்டேன்.

— அக்கா, இன்னொரு தடவை யோசி.

— அனுப்பிட்டேன். நிர்வாகக் குழு மொத்தத்துக்கும் போயிருச்சு.

— நிஜமாவா?

— தலைவர் ஒரு தடவை திறந்தும் பாத்துட்டார், இதோ காட்டுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லபோல.

— இனிமே திருப்பி வாங்க முடியாது, தெரியும்ல? வாங்கினா, ஏன் வாங்கினீங்கன்னு முதல் கேள்வியே அதான் வரும்.

— வாங்கறதுக்கா அனுப்பினேன்? பயமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு எவன் என்ன கேட்டாலும் முகத்தைப் பாத்துப் பதில் சொல்லுவேன். அது போதும்.

— நிக்கும்க்கா இது. நான் சொல்றேன். நானே எதிர்த்தரப்புல இருந்தாக்கூட ஃபீஸைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.

— ஃபோனை எடு. இப்பவே சொல்லிடறேன். வேற யாராவது சொல்லி அவ கேக்கக்கூடாது.

— நான் வெளில நிக்கட்டுமா?

— நீயும் இரு. ஸ்பீக்கர்லயே இருக்கட்டும். ஹலோ? என்னடி பண்றீங்க?

— ம்மா, செமயா வந்திருக்கு! அடுக்குமாடி. இவ சொன்னா, ஒவ்வொரு மாடிலயும் துணி காயப்போட ஒரு நீட்டு வராந்தா விடணுமாம். நல்லாருக்குல்ல?

— நல்லாருக்கு. இங்க பாரு. ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாம கேளு. குடும்ப மார்க் இனிமே கிடையாது. இந்த வருஷத்துல இருந்தே.

— யாரு எடுத்தா?

— நான்தான்.

— அப்ப எனக்கு?

— உனக்கும் கிடையாது. இங்க உனக்குக் கஷ்டம்தான் கண்ணு. கோவம் வரும், திட்டணும்னா திட்டு. ஆனா அணைக்கட்டுக் காலேஜ் இருக்கு, ரயில் காலனி இருக்கு. மாமா வாரா வாரம் வந்து பாக்கறேங்கறார். ஏய்? இருக்கியா?

— இருக்கேன். அங்கெல்லாம் இவளுக்குக் கிடைச்சிடும்மா. நாலு காலேஜுக்கும் நான்தான் பக்கத்துல உக்காந்து போட்டுக் குடுத்தேன். ஒரே இடத்துல போட்டுட்டுச் சும்மா இருந்தா, லூசான்னு திட்டினேன்.

— நல்லது பண்ணின. நான் உன்னைக் கேக்கறேன்.

— நான் வேற எங்கேயும் போடலம்மா. நீதான் அங்க இருக்கியேன்னு விட்டுட்டேன்.